பழைய புல்லட் 350: பாயின்ட் டைமிங் வைப்பது எப்படி?

கேள்வி:
பிளாட்டினம் பாயின்ட் (திறக்கும் கணத்தில் பிளக்கில் தீப்பொறி விழச் செய்யும் சிறு சுவிட்ச்) கொண்ட பழைய புல்லட் 350-இன் எஞ்சினை முழுவதும் பிரித்து, சிலிண்டருக்குப் போர் போட்டு, புதிய பிஸ்டனுடன் பூட்டிக்கொண்டிருக்கிறேன். ஹெட்டை இன்னும் ஏற்றவில்லை. பிரிப்பதற்கு முன்பு கிக்கர் அடிக்கடி திருப்பி அடித்தது. பிஸ்டன் உச்சியைத் தொட 0.8 மி.மீ. இருக்கும்போது பாயின்ட் திறக்க வேண்டும் என்று அறிவேன். அந்த அளவை எதைக் கொண்டு பார்ப்பது, எந்த வேலையை முதலில் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
ஹெட்டை ஏற்றாமல் வைத்திருப்பது நல்லதாயிற்று. இந்த எஞ்சினில் பிளக் துளை சாய்வாக இருப்பதால், அதன் வழியே கம்பியை விட்டு அளந்தால் இத்தனை சிறிய அளவு பிசகிவிடும்; இப்போதோ டயல் கேஜின் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவுகருவி) முனையைப் பிஸ்டன் தலைமீதே நிறுத்தலாம்.

முதலில் பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். பிறகு அதைத் தொட்டால் டைமிங்கும் (தீப்பொறி விழும் நேரம்) நகரும்: இடைவெளி கூடினால் பாயின்ட் முந்தித் திறக்கும், குறைந்தால் பிந்தும். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது பாயின்ட் காம் (பாயின்டைத் தள்ளித் திறக்கும் மேடுள்ள உருளை) ஒரு சுற்றே சுற்றுகிறது என்பதால், பிஸ்டன் ஏறுவது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில்தான் (வால்வுகள் மூடியிருக்க, கலவை அழுத்தப்படும் ஏற்றம்) என்பதை, இரண்டு டேப்பட்டுகளும் (வால்வுகளைத் திறக்க மேலே தள்ளும் பாகங்கள்) கீழிறங்கி நிற்பதைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பதில் 2:
மேலே கூறியதோடு உடன்படுகிறேன். பல்சக்கரங்களுக்கு இடையே சற்று ஆட்டம் இருக்கும்; ஆகவே எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்பி 0.8-ஐ அடைய வேண்டும். தாண்டிவிட்டால், நன்றாகப் பின்னே கொண்டுபோய் மீண்டும் முன்னோக்கி வாருங்கள். பாயின்ட் திறக்கும் கணத்தைக் கண்ணால் நம்பாமல், பேட்டரியின் வோல்ட்டுக்கு ஏற்ற சிறு பல்பைப் பாயின்ட் முனைக்கும் பாடி எர்த்துக்கும் இடையே இணைத்து, சாவியைப் போட்டுப் பாருங்கள். பாயின்ட் பிரிந்தவுடன் பல்பு எரியும்.

பதில் 3:
கிக்கர் திருப்பி அடித்ததாக எழுதியிருப்பதால், நான் முதலில் ஆட்டோ அட்வான்ஸைத்தான் (வேகம் கூடும்போது எடைகள் விரிந்து தீப்பொறியை முந்தச் செய்யும் அமைப்பு) சந்தேகிப்பேன். 0.8 மி.மீ. என்பது அதன் எடைகள் முழுவதும் சுருங்கிய நிலைக்கு உரிய அளவு. ஸ்பிரிங் தளர்ந்தோ, துருப்பிடித்தோ எடைகள் விரிந்தபடி நின்றுவிட்டால், எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், கிக்கரை மிதிக்கும் மெதுவான வேகத்திலேயே தீப்பொறி மிக முந்தி விழும். காமை விரலால் திருகி விடுங்கள். அது தானாகவே பழைய இடத்துக்குச் சட்டெனத் திரும்ப வேண்டும். தயங்கினால் கழற்றித் துருவை நீக்கி, துளி எண்ணெயிட்டு, ஸ்பிரிங் இரண்டையும் மாற்றிய பிறகே டயல் கேஜைப் பொருத்துங்கள்.