மறுமொழி: கட்டளை வரி ஸ்லைடு நிரலுக்குத் தமிழ்ச் சொல் – ‘ஏடுகாட்டி’ என் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மறுமொழிகளை எல்லாம் படித்தேன். பயிற்சிக் கையேடு அச்சுக்குப் போவதற்குள் நாம் முடிவு செய்தாக வேண்டியவை நான்கு சொற்கள்: ஒற்றை ஸ்லைடுக்கு ஒன்று, ஸ்லைடுகளின் முழுத் தொகுப்புக்கு ஒன்று, ஸ்லைடின் நடுவில் நின்று காத்திருக்கும் இடத்துக்கு ஒன்று, இதையெல்லாம் திரையில் காட்டும் நிரலுக்கு ஒன்று. என் பரிந்துரை முறையே ஏடு, சுவடி, மடை, ஏடுகாட்டி. காரணங்களை விவரமாகச் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நாம் பேசுவது எம்டிபி, டிபிபி, படாட் போன்ற நிரல்களைப் பற்றி. எம்டிபி சி மொழியில் எழுதப்பட்டது, டிபிபி ரூபியில், படாட் ஹாஸ்கெலில். மூன்றும் முனையத்துக்குள்ளேயே, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துச் சாளரத்துக்குள்ளேயே ஓடுபவை. சாதாரண உரைக்கோப்பு ஒன்றை எழுதிவிட்டு, நிரலின் பெயரையும் கோப்பின் பெயரையும் கட்டளை வரியில் அடித்து என்டர் தட்டினால் போதும், முனையமே காட்சித்திரை ஆகிவிடும். சுட்டி தேவையில்லை. எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கணினிக்குள் நுழைந்து அங்கிருக்கும் கோப்பையும் ஓட்டிக் காட்டலாம். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் நம் வகுப்புகளுக்கு வரும் மடிக்கணினிகளின் நிலை உங்களுக்கே தெரியும். வரைகலை நிரல் திறப்பதற்கே திணறுகிற கணினியில்கூட எம்டிபி உடனே வந்து நிற்கும்.

எம்டிபிக்கான ஒரு கோப்பின் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

# கல்லணையில் பிரிபவை

- காவிரி
^
- வெண்ணாறு
^
- கல்லணைக் கால்வாய்
^
- கொள்ளிடம்

---

கோப்பின் தலையில் சதவீதக் குறியோடு தலைப்பு, எழுதியவர் பெயர், தேதி ஆகியவை வரும். அவ்வளவுதான். மேலே உள்ள துண்டை ஓட்டினால் முதலில் தலைப்பும் ‘காவிரி’யும் மட்டும் தெரியும். விசை ஒன்றைத் தட்டினால் ‘வெண்ணாறு’ வரும், மறுபடி தட்டினால் அடுத்தது. மூன்று கோடு வந்த இடத்தில் ஸ்லைடு முடிந்து அடுத்தது தொடங்கும்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

“படவில்லை என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது புதிது எதற்கு?” என்று திருவாரூர் நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. படவில்லை என்பது படச்சுருள் காலத்துச் சொல். சட்டமிட்ட சிறு படத்துண்டை ஒளிவீழ்த்தியில் செருகிச் சுவரில் காட்டினார்கள். படமும் இருந்தது, வில்லையும் இருந்தது. வரைகலை நிரல்கள் வந்தபோது அந்தப் பெயர் அவற்றுக்கு மாறியது, அங்கே அது நிலைத்தும்விட்டது. அதைக் கலைக்க நான் சொல்லவில்லை. ஆனால் எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத திரையைப் படவில்லை என்று அறிமுகப்படுத்தினால், படத்தை எங்கே வைப்பது என்ற கேள்விதான் முதலில் எழும். வில்லையும் கற்பூர வில்லை, மாத்திரை வில்லை, ஒட்டுவில்லை என்று கையில் எடுக்கக்கூடிய சிறு தகட்டையே நினைவூட்டுகிறது. ‘நழுவல்’ என்ற யோசனையை ஏற்க முடியவில்லை. ஆங்கிலச் சொல்லின் வேரைப் பெயர்த்தால் கிடைப்பது அது. நம் திரையில் எதுவும் நழுவுவதில்லை.

‘உரைவில்லை’ என்ற யோசனைக்கு இங்கே ஆதரவு அதிகம். உரைக்கோப்பு, உரைதிருத்தி என்றெல்லாம் இருப்பதால் அது ஒழுங்காகத் தோன்றுகிறது. சிக்கல் எங்கே என்றால், நாம் இருப்பது மேடைப் பேச்சு நடக்கும் இடத்தில். அழைப்பிதழில் ‘சிறப்புரை’, ‘வாழ்த்துரை’ என்று போட்டுவிட்டு, அதே கூட்டத்தில் ‘உரையைத் திரையில் போடுங்கள்’ என்றால் எந்த உரை? பேச்சாளர் பேசப்போவதா, திரையில் வரப்போவதா? ‘உரைவழி வழங்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்ததை முதலில் படித்தபோது, திரையே இல்லாமல் வாயால் பேசி விளக்குவது என்றுதான் எனக்குப் பட்டது. கோப்புக்கும் திருத்திக்கும் உரை இருக்கட்டும். பேச்சும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் வரும் இந்தத் துறையில் அது வேண்டாம்.

ஏடு என்ற யோசனையை முதலில் வைத்தவர் தஞ்சாவூர் ஐயா. சுவடிகளோடு பழகியவர் அவர். ஓலைச்சுவடியில் ஒற்றை ஓலை ஏடு, துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டியது சுவடி. இந்த வேறுபாட்டை இன்றும் சுவடிப் பட்டியல் எழுதுகிறவர்கள் காப்பாற்றுகிறார்கள். தஞ்சை அரண்மனை வளாகத்தில் சரசுவதி மகால் நூலகம், ஊருக்கு வெளியே தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை என்று நம் பக்கத்திலேயே இந்தச் சொற்கள் தினமும் புழங்குகின்றன. ஒன்றுக்கும் பலவற்றின் தொகுப்புக்கும் தனித்தனிச் சொல் தேடிக்கொண்டிருந்த நமக்கு, இணையாகவே இரண்டும் கிடைக்கின்றன.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. ஓலையின் அகலமும் நீளமும் பனைமரம் தந்தது; எழுதுகிறவர் அந்த அளவுக்குள் வரிகளை அடக்கியாக வேண்டும். முனையமும் அப்படித்தான். 1978-இல் வந்த விடி100 முனையத்தில் வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. இன்றைக்கும் பல முனையச் சாளரங்கள் அதே அளவில்தான் திறக்கின்றன. எழுத்தைப் பொடியாக்கிப் பத்து வரியைக் கூடுதலாகத் திணிக்கும் வசதியை இந்த நிரல்கள் தருவதில்லை. எழுதுகிறவர்தான் சுருக்க வேண்டும். எனக்கு இந்த நிரல்களில் மிகவும் பிடித்ததே இதுதான், அதை ஏடு என்ற பெயர் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

மறுப்புகளையும் பார்த்துவிடுவோம்.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி நினைவுக்கு வருமே” என்றார் ஒருவர். வரலாம். ஆனால் கையேடு, குறிப்பேடு, வருகைப் பதிவேடு, நாளேடு எல்லாவற்றிலும் அதே ஏடுதான் இருக்கிறது, யாரும் சுரைக்காயை நினைப்பதில்லை. இதைவிடக் கனமான மறுப்பு இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது: நாளேடு என்றால் முழுச் செய்தித்தாள், பதிவேடு என்றால் முழுப் புத்தகம். ஆக ஏடு ஒற்றைத் தாளா, முழுத் தொகுப்பா? கூட்டுச்சொல்லின் பின்பாதியாக வரும்போது முழுமையைக் குறிக்கிறது, தனியாக நிற்கும்போது ஒற்றையைக் குறிக்கிறது என்பதுதான் நான் பார்த்த வழக்கம். எனவே கையேட்டில் ‘ஏடு’ என்றே தனியாக எழுதுவோம், ‘காட்சியேடு’, ‘திரையேடு’ என்று நீட்ட வேண்டாம். நீட்டினால் அந்தக் குழப்பம் உள்ளே வந்துவிடும்.

பட்டுக்கோட்டைத் தம்பி எழுப்பியது பேச்சுவழக்குச் சிக்கல். ‘அடுத்த ஏட்டுக்குப் போ’ என்றால் காவல் நிலைய ஏட்டு காதில் விழுகிறார் என்கிறார். உண்மைதான், வேற்றுமை உருபு சேர்ந்தால் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். வகுப்பில் முதல் தடவை சிரிப்பார்கள், மூன்றாவது வகுப்பில் மறந்துவிடும். இதற்காகச் சொல்லை விட்டுவிட வேண்டாம்.

பிரசன்டெர்ம் போன்ற புதிய நிரல்கள் படமும் காட்டுகின்றனவே என்பது இன்னொன்று. கிட்டி மாதிரியான சில முனையங்களில் காட்டும், சரி. அப்போதும் கோப்பு எழுத்துக் கோப்புதான், படம் இடையில் வந்து ஒட்டிக்கொள்வது. ஓலையிலும் கோட்டோவியம் கீறியிருக்கிறார்கள், அதனால் அது ஏடு இல்லாமல் போய்விடவில்லை.

இனி நிரலின் பெயர். ‘ஏடுபுரட்டி’ என்று முதலில் வந்தது. செயலைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் புரட்டு என்றாலே பித்தலாட்டம் என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. ஒரு நிரலுக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. வழிகாட்டி, நாள்காட்டி, திசைகாட்டி வரிசையில் ‘ஏடுகாட்டி’ இயல்பாக உட்காருகிறது. ‘ஏட்டுக்காட்டி’ என்று இரட்டிக்க வேண்டாமா என்று மன்னார்குடி அக்கா கேட்டிருந்தார். வேண்டாம். ஏட்டைக் காட்டுவது என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை, அதில் வினையடியாகப் பிறந்த சொல் வரும்போது பெரும்பாலும் இரட்டிப்பதில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே காடுவெட்டி என்று ஊர் இருக்கிறது, அதைக் காட்டுவெட்டி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ‘ஏட்டின் எண்’ என்ற பொருளில் வரும்போது ஏட்டு எண், ஏட்டுத் தலைப்பு என்று இரட்டித்தே எழுத வேண்டும். கையேட்டில் இரண்டும் வரும், மெய்ப்புப் பார்ப்பவர்கள் கவனிக்கவும்.

நான்காவது சொல்தான் இந்த இழையில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி தந்தது. எம்டிபியில் ‘^’ குறி, படாட்டில் இடைவெளி விட்ட மூன்று புள்ளி, டிபிபியில் மூன்று கோடு. எல்லாம் ஒரே வேலைக்கு: எழுத்து அங்கே வந்து நிற்கும், பேச்சாளர் விசையைத் தட்டினால்தான் மேலே போகும். இடைநிறுத்தம் என்று எழுதியிருந்தோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த ஒருவரி மடலில் ‘மடை’ என்று மட்டும் இருந்தது.

யோசிக்க யோசிக்க அது சரியாகப் படுகிறது. இடைநிறுத்தம் பாட்டு கேட்கும்போதும் காணொளி பார்க்கும்போதும் நாம் செய்வது. ஓடிக்கொண்டிருப்பதை, நினைத்த இடத்தில், பார்க்கிறவர் நிறுத்துகிறார். இங்கே நடப்பது வேறு. எழுதுகிறவர் முன்கூட்டியே இடம் குறித்து அடைத்து வைக்கிறார், காட்டுகிறவர் வேளை பார்த்துத் திறந்துவிடுகிறார். வாய்க்காலில் தண்ணீர் வயலுக்குப் பாய்வது இப்படித்தானே? மடை வை, மடை திற, மடையை எடுத்துவிடு என்று வினைகளும் தயாராக இருக்கின்றன. டெல்டாவுக்கு வெளியே புரியுமா என்ற ஐயம் வேண்டாம். மடை திறந்த வெள்ளம் என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்கள். இடைநிறுத்தம் பாட்டுக்கும் காணொளிக்குமே இருக்கட்டும்.

இந்தச் சொல் தேவைப்படுவதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. மேலே சொன்னதைக் கவனித்திருப்பீர்கள்: எம்டிபியில் மூன்று கோடு புதிய ஏடு, டிபிபியில் அதே மூன்று கோடு மடை. டிபிபியில் புதிய ஏட்டுக்கு இரண்டு கோடும் ‘நியூபேஜ்’ என்ற சொல்லும் சேர்த்து எழுத வேண்டும். ஒன்றில் பழகியவர் இன்னொன்றுக்கு மாறினால் இங்கேதான் தடுமாறுவார்: முழுச் சுவடியும் ஒரே ஏடாக நீண்டுவிடும், அல்லது வரிக்கு வரி புதிய ஏடு பிறக்கும். ‘கோடு போடு’ என்று மட்டும் கற்றுக்கொடுத்தால் இந்தத் தடுமாற்றம் தீராது. ‘இங்கே ஏடு முடிகிறது’, ‘இங்கே ஒரு மடை’ என்று சொல்லிக் கொடுத்தால், குறி எதுவாக இருந்தாலும் கருத்து கையில் நிற்கும்.

சொற்கள் குட்டையாக இருப்பதில் இன்னொரு வசதி. தமிழை முனையத்தில் காட்டுவது இன்னும் கரடுமுரடான வேலை. முனையம் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுத்தை வைக்கிறது. யூனிகோடில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத குறிகளாகவும், ஆகாரம், இகரம், கொம்பு ஆகியவற்றின் குறிகள் இடம் பிடிப்பவையாகவும் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. அதனால் பல முனையங்களில் ‘காவிரி’ ஆறு கட்டம் பிடிக்கும், ‘கீழ்’ இரண்டே கட்டம். நடுவில் நிற்க வேண்டிய தலைப்பு ஒரு பக்கம் சாயும், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வரைகலைச் சூழல் இல்லாத லினக்ஸ் கன்சோலில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே ஓர் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான், கொம்பை இடம் மாற்றி வைக்கும் வேலையும் நடக்காது. எனவே தமிழ்ச் சுவடியை டெஸ்க்டாப்பில் இருக்கும் முனையச் சாளரத்தில்தான் ஓட்ட வேண்டும், அதையும் கூட்டத்துக்கு முன்பே அந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். நீண்ட கூட்டுச்சொற்கள் இங்கே முதலில் உடையும். ஏடும் மடையும் தப்பித்துவிடும்.

முனையம், கட்டளை வரி, உரைக்கோப்பு, விளக்கக்காட்சி நான்கையும் தொட வேண்டாம், அவை வேரூன்றிவிட்டன. சுவடிக்கும் கோப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம்: கோப்பு வட்டில் இருப்பது, சுவடி அதற்குள் ஏடுகளாக அடுக்கி வைத்திருப்பது.

நிறத்தொகுப்புக்கும் பேச்சாளர் குறிப்புக்கும் வந்த யோசனைகளில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. அவற்றை மன்னார்குடி அக்காவிடமே விட்டுவிடலாம். முதல் இயலை இந்த நான்கு சொற்களோடு திருத்தி இன்று இரவு பதிவேற்றுகிறேன். ஞாயிறு வகுப்பு எடுக்கிறவர்கள் அதை வைத்தே நடத்திப் பாருங்கள். மாணவர்கள் தாங்களாக வேறு சொல் போட்டுப் பேசினால், திருத்தாமல் அப்படியே குறித்து இந்த இழையில் போடுங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து