தலையில அடிபட்டவர் தேறிட்டாரா? ஒரே ஆளுக்கு ரெண்டு டாக்டர், ரெண்டு முடிவு

ஜெலுத்தோங்வாசி: மச்சானுக்கு மோட்டார் விபத்து, தலையில பலத்த அடி. ஆறு மாசம் கழிச்சு ஒரு டாக்டர் ‘நல்லா தேறிட்டார்’னு எழுதினாரு. இன்னொருத்தர் ‘மிதமான ஊனம்’கிறாரு. ரெண்டுமே, தலையில அடிபட்டவங்க எவ்வளவு தேறினாங்கன்னு பார்க்கற கிளாஸ்கோ அளவுகோல்தானாம். சுத்தக் குத்துமதிப்பு!

வார்டுதாதி: அப்படி ஒதுக்காதீங்கண்ணே. 1975ல கிளாஸ்கோ டாக்டருங்க ஜென்னட்டும் பாண்டும் போட்ட அளவுகோல் அது. இறப்பு, உணர்விழந்த நிலை, கடும் ஊனம், மிதமான ஊனம், நல்ல தேறல்னு 5 படி. வரையறையை மட்டும் வச்சு ஆளாளுக்குப் படி போட்டா மாறத்தான் செய்யும். அதனாலதான் 1998ல வில்சன், பெட்டிக்ரூ, டீஸ்டேல் மூணு பேரும் வரிசையா கேட்கற கேள்வித்தாள் கொண்டுவந்தாங்க. அதை வச்சு ரெண்டு பேர் தனித்தனியா மதிப்பிட்டப்போ கப்பா எண் 5 படிக்கு 0.89, அதையே விரிச்ச 8 படி வடிவத்துக்கு 0.85. தற்செயலா ஒத்துப்போறதைக் கழிச்ச கணக்கு அது. 1 வந்தா முழு ஒற்றுமை.

செந்தூல்பையன்: ஒத்துப்போனா சரின்னு ஆயிடுமா மிஸ்ஸி? மூளையோட முன்பகுதியில அடிபட்ட பலருக்குத் தன் குறையே தெரியாது. ‘ஓகே லா டாக்டர்’னு சிரிப்பாங்க. தட்டு பறக்கறது வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு டாக்டரும் ஒண்ணா ஏமாறலாம்.

வார்டுதாதி: கூட இருக்கறவங்களையும் கேட்கணும்னுதான் சொல்றேன். கோபம், குடும்பத்துல விரிசல் எல்லாத்துக்கும் அதுல கேள்வி உண்டு.

ஜெலுத்தோங்வாசி: கேள்வியே நம்ம வீட்டுக்கு ஒத்துவராது. ‘24 மணி நேரம் வீட்டுல தனியா சமாளிப்பாரா’வாம். அக்கா அவரைத் தனியா விட்டாத்தானே! அப்போ கடும் ஊனமா?

வார்டுதாதி: அக்கா விடறாங்களான்னு கேட்கல. விட்டா சமாளிப்பாரான்னுதான் கேள்வி. அடிபடறதுக்கு முன்னாடி எப்படி இருந்தாருன்னும் கேட்பாங்க. வேலை எப்படி?

ஜெலுத்தோங்வாசி: வெல்டிங். இப்போ பாதி நாள்தான் தாக்குப்பிடிக்கிறாரு.

வார்டுதாதி: பழையபடி வேலை செய்ய முடியலைன்னா, அந்தக் கேள்வித்தாள்படி நல்ல தேறல் வராது. ரெண்டாவது டாக்டர் எழுதினதுதான் பொருந்துது. முதல் டாக்டர் யாரைக் கேட்டாரு?

ஜெலுத்தோங்வாசி: மச்சானை மட்டும். அக்கா வெளிய உட்கார்ந்திருந்துச்சு.

செந்தூல்பையன்: நான் சொன்னதுதானே!

வார்டுதாதி: பாதிதான் தம்பி. கேட்காம எழுதினவரோட தப்பை அளவுகோல் தலையில கட்டாதீங்க. அண்ணே, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மெடிக்கல் போர்டு இந்தப் படியைப் பார்த்து முடிவு பண்ணாது, நிரந்தர இழப்பை விழுக்காட்டுல போடும். அக்காவையும் கூட்டிட்டுப் போங்க.