போர்க் கதைப்பாட்டைப் பதிவு பண்ணப் போறவங்களுக்கு

கட்டபொம்மு கதை, கான்சாகிபு சண்டை, தேசிங்குராசன் கதை, எதுவானாலும் சரி, பாடுறவர்கிட்ட எடுத்த எடுப்பில் "எந்த வருசம் நடந்தது?" என்று கேட்காதீங்க. பாட்டை விட்டுட்டுப் பாடப்புத்தகத்துக்குப் போயிடுவார். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. கான்சாகிபை, அதாவது மதுரையை ஆண்ட யூசுப் கானை, அங்கேயே தூக்கிலிட்டது 1764 அக்டோபர் 15. தேதியெல்லாம் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காகிதத்தில் இருக்கு. பாட்டுக்குப் போறது வேற சரக்குக்கு: கட்டபொம்மன் தளபதி வெள்ளையத்தேவன் சண்டைக்குக் கிளம்பும்போது அவன் பெண்டாட்டி வெள்ளையம்மாள் கண்ட கெட்ட சொப்பனம், தேசிங்கின் சிநேகிதன் தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுட்டுக் குதிரை ஏறியது.

* * *

வில்லுப்பாட்டுன்னா மைக் வைக்கிற இடத்தில்தான் பாதி வேலை. குடத்துக்கு எதிரே வச்சா அந்தக் கும்மென்ற சத்தம் சொல்லை முழுங்கிடும். புலவர் (தலைமையா நின்னு பாடுறவர்) வாய்க்கு இரண்டடி தள்ளி, கொஞ்சம் உயரத்தில் ஒன்று. பின்பாட்டுக்காரர் பக்கம் கட்டாயம் இன்னொன்று. சாமி வந்து கூட்டம் குலவை போடும்போது புலவர் குரல் காணாமப் போகும். பின்பாட்டுக்காரர் அதே அடியைத் திருப்பிப் பாடுறதால விட்ட சொல் அங்கே கிடைச்சிடும்.

கொடையில் (கோயில் திருவிழாவில்) பாடுறதை ஒரு தடவை எடுங்க. நாலு நாள் கழிச்சு, பக்கவாத்தியம் இல்லாம உட்கார வச்சு இன்னொரு தடவை. இரண்டாவதில் சொல் சுத்தமா வரும், கதை சுருங்கும். முதலில் கழிபடுவது படை கிளம்பும் வரிசை: யார் யார், எந்த ஊர், கையில் வேலா வல்லயமா. கேட்க அலுப்பாத்தான் இருக்கும். ஆனா தளபதிக்குக் கீழே இருந்த ஆளின் பேர் நிக்கிறது அந்த வரிசையில் மட்டும்தான். சுத்தமான பதிவு கிடைச்சாச்சேன்னு முதல் பதிவை அழிச்சவங்களுக்கு அந்தப் பேர்கள் திரும்பக் கிடைக்காது.

* * *

பாட்டை ஓலை ஏட்டிலிருந்து பார்த்து எழுதுறவங்களுக்கு: மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வித்தியாசம் தெரியாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி நிக்கும். தெரிஞ்ச பேரை ஊகிச்சுப் போட்டுடாதீங்க. பாட்டு தெரிஞ்சவரை வாய்விட்டு வாசிக்கச் சொன்னா சந்தம் உதைக்கிற இடம் தானே மாட்டும். கட்டபொம்மு கதையில் வரும் கலெக்டர் "சாக்சன் துரை"யை "ஜாக்சன்" என்று திருத்தினா மோனை போயிடும். மூலத்தில் அப்படியே விட்டு, அடிக்குறிப்பில் சொல்லுங்க.

* * *

மேலே முதலில், தேதிக்குத்தான் கும்பினிக் காகிதம் என்கிற மாதிரி எழுதினவர் காகிதத்தை ரொம்ப ஒதுக்குறார். 1801 பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் கும்பினிப் பக்கம் நின்ற வெல்ஷ் என்ற அதிகாரி 1830-ல் வெளியிட்ட நினைவுக்குறிப்பைப் பாருங்க. காயம்பட்ட மகனைப் பிணங்களுக்கு நடுவே ஒரு தாய் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவனோ என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் ஊமைத்துரையை (கட்டபொம்மன் தம்பி) காப்பாத்து என்கிறான். கும்பினிக்குத் துணை நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தப்போ பெண்கள் ஊமைத்துரையைத் துணியால் மூடி, அம்மை கண்டு செத்துட்டான்னு ஓலமிட்டு அழ, வந்தவங்க பயந்து ஓடிட்டாங்க. இந்த இடத்தை அந்தப் பக்கத்துப் பாட்டுகளோடு அடிக்கு அடி வச்சுப் பாருங்க.

அந்த மாதிரி அழுகைப் பாட்டைப் பதிவு பண்றதா இருந்தா, வீட்டுக்குள்ள பாடச் சொல்லாதீங்க. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி ஆகாது என்பாங்க. களத்துமேடோ தோப்போ பார்த்து உட்காருங்க, மறுக்காமப் பாடுவாங்க.