எஸ்.ஏ.டி.யா, ஏ.சி.டி.யா: மகளுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தயார் செய்வது?

கேள்வி (ஒரு தாய், நியூ ஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கோடை விடுமுறை முடிந்ததும் பதினோராம் வகுப்புக்குச் செல்கிறாள். நானும் என் கணவரும் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஒரே ஒரு நுழைவுத் தேர்வையும் வைத்துக் கல்லூரிக்குள் போனவர்கள். இங்கே கல்லூரிச் சேர்க்கை என்ற ஒரே நோக்கத்துக்காக எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்று இரண்டு தேர்வுகள் இருப்பதும், அவற்றுள் எதை எழுதுவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டியிருப்பதும் எங்களுக்குப் புதிது. பள்ளி ஆலோசகரைக் கேட்டால், "எந்தக் கல்லூரியும் இரண்டையும் சமமாகவே மதிக்கும், பிள்ளைக்குப் பொருந்துவதை எழுதட்டும்" என்கிறார். எது பொருந்தும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மகள் நிறையப் படிப்பாள், ஆனால் நிதானமாகப் படிப்பாள். கணக்கிலும் குறையில்லை, அவசரப்படுத்தினால் மட்டும் சிறு சிறு தவறுகள் வந்துவிடும். சென்ற அக்டோபரில் பள்ளியில் எழுதிய, எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி.யில் 1180 வாங்கினாள். கல்லூரியில் உளவியலோ வரலாறோ படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். நண்பர்கள், "ஏ.சி.டி. வேகமானவர்களுக்கான தேர்வு, நிதானமான பிள்ளைக்கு ஆகாது" என்றும், "அதில் அறிவியல் வேறு இருக்கிறது" என்றும் சொல்கிறார்கள். ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டுக்கும் சேர்த்தே பயிற்சி தருவதாகச் சொல்கிறார்கள். அப்படிச் சேர்ந்து படிப்பது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (கணித ஆசிரியர், பல ஆண்டுகளாக மாணவர்களை இத்தேர்வுகளுக்குத் தயார் செய்பவர்)

வணக்கம் சகோதரி. உங்கள் நண்பர்கள் சொன்னது பழைய ஏ.சி.டி.யைப் பற்றியது. 2025 ஏப்ரலில் கணினி வழித் தேர்விலும், அதே ஆண்டு செப்டம்பரில் தாள் வழித் தேர்விலும் அதன் அமைப்பு மாற்றப்பட்டுவிட்டது. முன்பு ஆங்கிலப் பிரிவில் 45 நிமிடங்களில் 75 கேள்விகளும், கணிதத்தில் 60 நிமிடங்களில் 60 கேள்விகளும், வாசிப்பில் 35 நிமிடங்களில் 40 கேள்விகளும் இருந்தன. இப்போது ஆங்கிலத்தில் 35 நிமிடங்களுக்கு 50, கணிதத்தில் 50 நிமிடங்களுக்கு 45, வாசிப்பில் 40 நிமிடங்களுக்கு 36 என்று குறைத்திருக்கிறார்கள். அறிவியல் விருப்பப் பிரிவாகிவிட்டது. எழுதினாலும் அதன் மதிப்பெண் மொத்த மதிப்பெண்ணில் சேராது. ஆங்கிலம், கணிதம், வாசிப்பு ஆகிய மூன்றின் சராசரிதான் 36க்கான மொத்த மதிப்பெண்.

எஸ்.ஏ.டி. அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் முழுவதும் கணினியில் நடக்கிறது. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பிரிவுக்கு 64 நிமிடங்களில் 54 கேள்விகள், கணிதத்துக்கு 70 நிமிடங்களில் 44 கேள்விகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் எஸ்.ஏ.டி. கணிதத்தில் ஒரு கேள்விக்கு 95 விநாடிகளும், ஏ.சி.டி. கணிதத்தில் 67 விநாடிகளும் கிடைக்கின்றன. வாசிப்பில் இந்த இடைவெளி மிகக் குறைவு: அங்கே 71, இங்கே 67. ஆகவே ஏ.சி.டி. இப்போதும் சற்று வேகமானதுதான். ஆனால் நிதானமான பிள்ளைகள் எட்டிப் பார்க்கவே கூடாத தேர்வு என்ற நிலை மாறிவிட்டது.

வேகத்தைவிட முக்கியமான வேறுபாடு வாசிக்கும் முறையில் இருக்கிறது என்பது என் கருத்து. எஸ்.ஏ.டி.யில் 25 முதல் 150 சொற்களுக்குள் அடங்கும் சிறு பத்தி ஒன்று, அதற்கு ஒரே ஒரு கேள்வி, உடனே அடுத்த பத்தி என்று போகும். ஒரு நிமிடம் கவிதை, மறு நிமிடம் உயிரியல் ஆய்வு, அடுத்து பொருளாதாரம் என்று மனம் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஏ.சி.டி.யில் நீண்ட பகுதிகள் நான்கு, ஒவ்வொன்றையும் ஒட்டிப் பல கேள்விகள். ஒரு கட்டுரைக்குள் அமர்ந்து படிக்கப் பழகிய பிள்ளைக்கு இதுவே இயல்பாக இருக்கும். நீண்ட பகுதியில் கவனம் சிதறும் பிள்ளைக்கு எஸ்.ஏ.டி. ஆறுதலாக இருக்கும். உங்கள் மகள் எந்த வகை என்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது, அவளாலும் எழுதிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

எனவே பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்குங்கள். ஒரு வாரம் காலையில் முழு எஸ்.ஏ.டி. மாதிரித் தேர்வு, மறுவாரம் முழு ஏ.சி.டி. மாதிரித் தேர்வு; கைபேசி வேறு அறையில், கடிகாரம் எதிரில், இடைவேளையும் தேர்வில் உள்ள அளவுக்கே. எஸ்.ஏ.டி.க்கு, அதை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் இலவசமாகவே முழுத் தேர்வுகள் கிடைக்கும். ஏ.சி.டி. நிறுவனமும் இலவச மாதிரித் தேர்வு தருகிறது, ஆனால் அது புதிய அமைப்பில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நூலகங்களில் இருக்கும் பல புத்தகங்களில் இன்னும் 75 கேள்வி கொண்ட ஆங்கிலப் பிரிவுதான் இருக்கிறது.

பிறகு 2018இல் இரு அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணையில் இரண்டு மதிப்பெண்களையும் வைத்துப் பாருங்கள். அதன்படி ஏ.சி.டி. 28 என்பது எஸ்.ஏ.டி. 1300 முதல் 1320 வரைக்கும், 30 என்பது 1360 முதல் 1380 வரைக்கும் ஈடாகும். ஒன்று மற்றதைவிடத் தெளிவாக மேலே இருந்தால் வேலை முடிந்தது. முப்பது நாற்பது புள்ளிகள்தான் வேறுபாடு என்றால் இரண்டும் சமம் என்றே கொள்ளுங்கள்; "எதை மறுபடியும் எழுதச் சொன்னால் உனக்கு அலுப்பு வராது?" என்று மகளிடமே கேளுங்கள். முதல் தேர்வில் வரும் மதிப்பெண்ணைவிட, அடுத்த ஐந்தாறு மாதங்கள் அவள் எதனோடு உட்காரச் சம்மதிக்கிறாள் என்பது அதிகம் தீர்மானிக்கும்.

பதில் 2 (கல்லூரி முதலாண்டு மாணவர்)

வணக்கம் ஆன்ட்டி. நான் இரண்டு தேர்வுகளையும் எழுதியவன். இரண்டுக்கும் சேர்ந்து தயாராக வேண்டாம் என்பதையே முதலில் சொல்ல விரும்புகிறேன். இலக்கணமும் இயற்கணிதமும் இரண்டுக்கும் பொது என்பது உண்மை. ஆனால் நேரத்தைப் பங்கிடும் பழக்கம் ஒன்றுக்கு ஒன்று எதிரானது. எஸ்.ஏ.டி.யில் ஒவ்வொரு கேள்வியையும் நின்று யோசிக்கப் பழகிய நான், ஏ.சி.டி. ஆங்கிலத்தில் ஒரு கேள்விக்கு 42 விநாடி என்ற கணக்கில் ஓட வேண்டியிருந்தபோது தடுமாறினேன். அதற்குப் பழகியதும் எஸ்.ஏ.டி.யில் கேள்வியை முழுதாகப் படிக்காமலே விடையைக் குறிக்கத் தொடங்கினேன். ஏறத்தாழ ஐந்து மாதங்கள் இப்படி ஊசலாடி, கடைசியில் எஸ்.ஏ.டி. மட்டும் போதும் என்று முடிவு செய்த பிறகுதான் மதிப்பெண் ஏறியது.

எஸ்.ஏ.டி.யைத் தேர்ந்தெடுத்தால் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரிவும் இரண்டு மாட்யூல்களாக, அதாவது அடுத்தடுத்த இரண்டு பகுதிகளாக வரும். முதலாவதில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ அமையும். கடினமான இரண்டாம் மாட்யூல் வந்தால்தான் உச்ச மதிப்பெண்களை எட்ட முடியும். இது தெரியாமல் என் வகுப்புத் தோழி ஒருத்தி, இரண்டாம் மாட்யூல் கடினமாக இருப்பதைக் கண்டு, எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைசிக் கேள்விகளை வெறுமையாக விட்டுவிட்டாள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே எதையும் வெறுமையாக விடக் கூடாது, ஏ.சி.டி.யிலும் அப்படித்தான்.

இன்னொன்று, வாசிப்பு எழுத்துப் பிரிவில் கேள்விகள் வகைவாரியாக அடுக்கப்பட்டிருக்கும்: சொற்பொருள் கேள்விகள் முதலில், பிறகு பத்தியைப் புரிந்துகொள்ளும் கேள்விகள், அப்புறம் இலக்கணம், கடைசியில் இணைப்புச் சொற்களும் குறிப்புகளைத் தொகுக்கும் கேள்விகளும். இலக்கணத்தில் வேகமானவர்கள் அதை முதலில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தைக் கடினமான பத்திகளுக்கு வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது பெரிதும் உதவியது. கணிதத்தில் டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும், முழுப் பிரிவுக்கும் பயன்படுத்தலாம். அதைத் தேர்வு நாளில் கற்றுக்கொள்ள முடியாது. இரண்டு சமன்பாடுகளைத் தட்டி அவை வெட்டும் புள்ளியைப் பார்க்கும் பழக்கம் கைக்கு வர ஒன்றிரண்டு வாரங்களாவது ஆகும்.

ஒரு தவறுக் குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடையை மட்டும் எழுதாமல், ஏன் தவறினோம் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுத வேண்டும்: விதி தெரியவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தோமா, நேரம் போதவில்லையா. என் குறிப்பேட்டில் பாதிக்கு மேல் நடுவில் சொன்ன வகையாகவே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் புதிதாகப் பாடம் படிப்பதை நிறுத்திவிட்டு, கேள்வியின் கடைசி வரியை இருமுறை படிக்கப் பழகினேன்.

பதில் 3 (இரு பிள்ளைகளின் தந்தை, ஜார்ஜியா)

தேர்வைப் பற்றி யோசிக்கும் முன் கல்லூரிகளின் பட்டியலை ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. பெருந்தொற்றுக் காலத்தில் பெரும்பாலான கல்லூரிகள் மதிப்பெண்ணைக் கட்டாயமில்லை என்று தளர்த்தின. பிறகு 2022இல் எம்.ஐ.டி.யும், 2024இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவையும் மீண்டும் மதிப்பெண் கேட்க முடிவு செய்தன. இவற்றில் யேல், இந்த இரண்டுக்குப் பதிலாக, பள்ளியிலேயே எழுதும் உயர்நிலைப் பாடத் தேர்வுகளான ஏ.பி. அல்லது ஐ.பி. மதிப்பெண்களையும் ஏற்கிறது. எங்கள் மாநிலத்தில் ஜார்ஜியா டெக் கேட்கிறது. மறுபுறம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எந்த வளாகமும் சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை, அனுப்பினாலும் பார்க்காது. அங்கே மட்டுமே விண்ணப்பிக்கும் பிள்ளையை இதற்காக வருத்த வேண்டியதில்லை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. கல்லூரியின் சொந்த இணையதளத்தில் பார்த்ததை மட்டும் நம்புங்கள்.

பல தடவை எழுதும்போது பிரிவு வாரியாக உயர்ந்த மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்க்கும் சூப்பர்ஸ்கோர் முறையைப் பல கல்லூரிகள் பின்பற்றுகின்றன. அதற்காக ஐந்தாறு முறை எழுத வைப்பதை நான் ஏற்க மாட்டேன். மூத்தவனை நான்கு முறை எழுத வைத்தேன். மூன்றாவதற்குப் பிறகு மதிப்பெண் அசையவில்லை, அவனுடைய பள்ளிப் பாடங்கள்தான் பின்தங்கின. அந்தத் தவறை இளையவளிடம் செய்யவில்லை.

ஆசிரியர் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி.தான் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கான நுழைவு. மகளுக்கு அதில் வாய்ப்புத் தெரிந்தால், அதே அமைப்பில் உள்ள எஸ்.ஏ.டி.க்குத் தயாராவதில் கூடுதல் பயன் உண்டு. 1180இல் தொடங்குபவர்களுக்கு அந்த உதவித்தொகைக்கான மதிப்பெண் எல்லை சற்றுத் தொலைவுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பின்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சனிக்கிழமைகளும் முடிந்தன. எஸ்.ஏ.டி.யில் 1250: வாசிப்பு எழுத்தில் 620, கணிதத்தில் 630. ஏ.சி.டி.யில் ஆங்கிலம் 29, வாசிப்பு 30, கணிதம் 23, மொத்தம் 27. அட்டவணைப்படி 27 என்பது 1260 முதல் 1290 வரை என்பதால் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் எஸ்.ஏ.டி. முடிந்ததும், "ஒவ்வொரு பத்தியும் பிடிபடுவதற்குள் முடிந்துவிடுகிறது, அம்மா" என்று எரிச்சலோடு எழுந்தவள், ஏ.சி.டி.யின் வாசிப்புப் பகுதிகளைப் பற்றிச் சாப்பாட்டு மேசையிலும் பேசிக்கொண்டிருந்தாள். வேகமான தேர்வு அவளுக்கு ஆகாது என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கணிதத்தில் மட்டும் கடைசி ஏழு கேள்விகளுக்கு நேரமில்லை.

பதில் 1 எழுதிய ஆசிரியர்

சகோதரி, இந்த மதிப்பெண்களில் ஒரு செய்தி இருக்கிறது. எஸ்.ஏ.டி.யில் கணிதம் மொத்தத்தில் பாதி, புதிய ஏ.சி.டி.யில் மூன்றில் ஒரு பங்கு. மொழியில் வலிமையுள்ள, பொறியியலுக்குப் போகாத பிள்ளைக்கு அந்தக் கணக்கே சாதகம். அத்துடன் 23 என்ற மதிப்பெண் எளிதில் உயரக்கூடியது: ஏ.சி.டி.யில் வரும் மடக்கை, அணி, முக்கோணவியல் கேள்விகளில் பலவற்றை அவள் இந்த ஆண்டு வகுப்பில்தான் படிக்கப் போகிறாள். நான் ஏ.சி.டி.யையே தேர்ந்தெடுப்பேன்.

டிசம்பர் அல்லது பிப்ரவரித் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள், ஏப்ரலை இரண்டாம் வாய்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முழு மாதிரித் தேர்வு இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். இடைப்பட்ட நாள்களில் கணிதத்துக்கு அரை மணி நேரம், அதுவும் 22 நிமிடங்களுக்கு 20 கேள்விகள் என்று கடிகாரம் வைத்தே செய்யட்டும். ஏ.சி.டி. கணிதத்தில் சூத்திரங்களைத் தரமாட்டார்கள் என்பதால் வட்டம், கூம்பு, சிறப்பு முக்கோணங்கள் ஆகியவற்றின் சூத்திரங்களை இப்போதே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். தாளில் எழுதுவதா, கணினியில் எழுதுவதா என்பதையும் பதிவு செய்யும்போதே முடிவு செய்து, பயிற்சியையும் அதிலேயே செய்யட்டும்.