கப்பல் புகையைக் குறைச்சதால கடல் சூடாயிடுச்சா? மேகத்துக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்?

மழைக்காகம்:
எங்க வாட்ஸப் குரூப்ல ஒரு வீடியோ சுத்திட்டு இருக்கு. 2020ல கப்பல் எண்ணெய்ல சல்பரைக் குறைக்கச் சொல்லி ரூல் வந்துச்சாம், அதனால கடல் மேல இருந்த மேகம் மங்கிப்போய் 2023ல அட்லாண்டிக் தாறுமாறா சூடாயிடுச்சாம். புகை குறைஞ்சா நல்லதுதானே, இது என்ன தலைகீழா இருக்கு? நீராவி மேல போய் குளிர்ந்து மேகமாகுதுன்னு தான் ஸ்கூல்ல படிச்சோம், இதுல புகை எங்க வந்துச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க. சதி தியரி ஆளுங்க தயவுசெஞ்சு வேற திரிக்குப் போங்க.

தூசிமண்டலம்:
ஸ்கூல்ல பாதிதான் சொன்னாங்க. நீராவி அவ்ளோ லேசுல தானா துளியாகாது, உக்கார ஒரு துகள் வேணும். தூசியே இல்லாத காத்துல ஈரப்பதம் 400 சதவீதம் மாதிரி ஏறினாதான் துளி பிறக்கும், நிஜ மேகத்துல அது பெரும்பாலும் 101ஐக் கூட தாண்டாது, ஏன்னா அதுக்குள்ள நீராவி ஏதாவது துகளைப் பிடிச்சிடும். நடுக்கடல்ல அந்தத் துகள்னா அலை உடையும்போது தெறிக்கிற உப்பு, அப்புறம் கடல்ல மிதக்கிற நுண்பாசியால வர்ற டைமெத்தில் சல்பைடுங்கற வாயு காத்துல மாறி உண்டாகுற சல்பேட், அவ்ளோதான். எண்ணிக்கையும் கம்மி, ஒரு கன சென்டிமீட்டருக்கு சில பத்துல இருந்து நூறு, நூத்தம்பது வரைக்கும்.

அந்த மாதிரி சுத்தமான இடத்துல ஒரு கப்பல் சல்பர் புகையை விட்டுட்டுப் போனா துகள் எக்கச்சக்கமா கூடிடும், ஆனா தண்ணி அதே தண்ணிதான், அது நிறைய குட்டித் துளியா பிரிஞ்சு போகுது. கல் உப்பை விட தூள் உப்பு வெள்ளையா தெரியும்ல, அதே கதை. மேகம் வெளுத்து வெயிலை அதிகமா திருப்பி அனுப்பும். 1970கள்ல டூமின்னு ஒருத்தர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார், அவர் பேர்லதான் இன்னும் சொல்றாங்க. துளி சின்னதா இருந்தா ஒண்ணோட ஒண்ணு மோதி மழையா வளர்றதும் கஷ்டம், அதனால மேகம் கூட நேரம் நிக்கும்னு 1989ல ஆல்பிரெக்ட்ங்கற விஞ்ஞானி சொன்னார். இந்த ரெண்டாவது விஷயத்துலதான் இன்னும் அடிதடி. 2014-15ல ஐஸ்லாந்துல ஹோலுஹ்ரான் எரிமலை மாசக்கணக்கா சல்பர் கக்கினப்போ பாத்தாங்க, துளி சின்னதாச்சு, சரி, ஆனா மழையா விழாம நின்னா மேகத்துல தண்ணி கூடியிருக்கணும்ல, அந்த அளவுல பெருசா மாற்றம் தெரியல.

பங்கர்ஆயில்:
நான் கப்பல்ல இன்ஜின் ரூம் ஆள், மேகம் பத்தி தெரியாது, எண்ணெய் பத்தி சொல்றேன். 2020 ஜனவரி 1ல இருந்து 3.5 சதவீத சல்பர் லிமிட்டை 0.5 ஆக்கினாங்க, பால்டிக், வட கடல், அமெரிக்கக் கரையோரம் எல்லாம் 2015லயே 0.1. ரூல் போட்டது மேகத்துக்காக இல்ல, துறைமுகம் பக்கத்துல வாழற ஜனங்க நுரையீரலுக்காக. இன்னொண்ணு, ஸ்க்ரப்பர் மாட்டின கப்பல் இப்பவும் பழைய கருப்பு எண்ணெயையே எரிக்கலாம், புகைபோக்கியில தண்ணி அடிச்சு சல்பரைக் கழுவி பல கப்பல்ல அந்தத் தண்ணியை கடல்லயே விட்டுடுறாங்க, அதைப் பத்தி யாரும் வீடியோ போட மாட்டேங்கறாங்க பாருங்க.

வெயிலான்:
அப்ப புகை விட்டா பூமி குளிருமா? நல்லா இருக்கே நியாயம். நம்ம பக்கமும் தான் புகை மண்டிக் கிடக்கு, குளிர்ச்சியைக் காணோமே.

தூசிமண்டலம்:
@வெயிலான் எல்லாப் புகையும் ஒண்ணு இல்லங்க. சல்பேட் வெளுப்பு, வெயிலைத் திருப்பும். கரி கருப்பு, வெயிலைக் குடிச்சு சுத்தி இருக்கற காத்தை சூடாக்கும், சின்ன மேகம் அதுலயே காஞ்சு போகும். 1999ல மாலத்தீவை மையமா வச்சு இண்டோயெக்ஸ்னு பெரிய ஆய்வு நடந்துச்சு, தலைமை தாங்கினவங்கள்ல ஒருத்தர் நம்ம அண்ணாமலை யுனிவர்சிட்டியில இன்ஜினியரிங் படிச்ச வி. ராமநாதன். குளிர்காலத்துல வடகிழக்குக் காத்து இந்தியா பக்கத்துப் புகையை எல்லாம் வாரிட்டுப் போய் வட இந்தியப் பெருங்கடல் மேல 3 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் பழுப்பா மூடி வைக்குதுன்னு அங்கதான் தெளிவாச்சு. அதுல கரி நல்லா கலந்திருந்துச்சு.

@மழைக்காகம் வீடியோவுக்கு வர்றேன். சல்பர் குறைஞ்சதும் கப்பல் தடம், அதாவது கப்பல் புகையால மேகத்துல விழற வெள்ளைக் கோடு, குறைஞ்சது உண்மை, சேட்டிலைட்ல அப்பட்டமா தெரிஞ்சது. அதனால கொஞ்சம் சூடு கூடுச்சுங்கறதும் உண்மைதான். ஆனா அதனால பூமியில கூடுதலா தங்கற வெப்பம் உலக சராசரியில பெரும்பாலான கணக்குப்படி சதுர மீட்டருக்கு 0.1 வாட் பக்கத்துல தான் வருது, 0.2ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. கார்பன் டை ஆக்சைடால மட்டும் கூடுறது 2 வாட்டுக்கு மேல. 2023 அட்லாண்டிக்ல காத்து பலவீனமா இருந்துச்சு, சகாரா தூசியும் அந்த ஜூன்ல கம்மி, எல்லாம் சேர்ந்து வந்துச்சு. கப்பல் மேல மட்டும் பழியைப் போடறது எனக்கு ஒத்துவரல.

பங்கர்ஆயில்:
இலங்கைக்குத் தெக்கால போற லைன்ல மின்னல் ஜாஸ்தின்னு எங்காளுங்க சொல்வாங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

தூசிமண்டலம்:
இருக்கு! 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, இந்தியப் பெருங்கடலுக்குக் குறுக்கால போய் மலாக்கா, தென் சீனக் கடல் வரைக்கும் போற கப்பல் பாதைக்கு மேல, பக்கத்துக் கடலை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு மின்னல். துளி சின்னதா இருக்கறதால கீழயே மழையா விழாம உறையுற உயரத்துக்குப் போகுது, அங்க பனித்துகள் மோதி மின்னேற்றம் பிரியுதுன்னு விளக்கம். 2020 ரூலுக்கு அப்புறம் சிங்கப்பூர் பக்கம் அது பாதியா குறைஞ்சிருக்கு.

மழைக்காகம்:
நன்றிங்க, இப்பதான் புரியுது. அந்தத் தடத்தை எங்க பாக்கலாம்? மெரினாவுல நின்னா தெரியுமா?

தூசிமண்டலம்:
தெரியாது. தடம் விழ தாழ்வா, தட்டையா விரிச்சுவச்ச மேகம் வேணும், கலிபோர்னியா, பெரு, நமீபியா கரைக்கு வெளிய இருக்கற மாதிரி. வங்காள விரிகுடாவுல குமுறி எழும்பற மேகம், அதுல கோடு நிக்காது. நாசாவோட வேர்ல்ட்வியூ சைட்டுல அக்வா சேட்டிலைட் போட்டு 2003 ஜனவரி 27, பிரான்ஸுக்கு மேற்கால கடலைப் பாருங்க, கோடு கோடா கிழிச்சிருக்கும்.