40 செ.மீ. செப்பிலி: விடுவதா, குழம்பு வைப்பதா?

தூண்டில்ராசா:
ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மேங்குரோவ் ஜாக் என்கிற செப்பிலிக்குக் குறைந்தபட்ச அளவு 35 செ.மீ., ஆளுக்கு 5 மீன். நான் ஆற்றில் பிடித்தது 40 செ.மீ. படம் போட்டதும் ஆளாளுக்கு "விட்டிருக்கலாமே" என்கிறார்கள். சட்டமே விடும்போது உங்களுக்கு என்ன?

அலையாத்தி:
சட்டம் விடுகிறது, சரி. ஆனால் அது இன்னும் ஒரு தடவைகூட முட்டையிட்டிருக்காது. செப்பிலி குஞ்சாக அலையாத்தி வேர்களுக்குள் வளரும், நன்னீர் வரைக்கும் ஏறிப் போகும். அரை மீட்டர் அளவுக்கு வளர்ந்தால்தான் பருவத்துக்கு வரும். அப்புறம் கடலுக்கு இறங்கி, பவளப்பாறைப் பக்கம் போய் முட்டையிடும். ஆற்றில் கிடைப்பது பெரும்பாலும் சிறுசுதான். 35 என்ற கோடு யாரைக் காப்பாற்றுகிறது?

தூண்டில்ராசா:
அப்போ பாறையில் இருக்கிற பெரிய பெட்டையை வெட்டலாமா? முப்பது வயதைத் தாண்டியும் வாழ்கிற இனம். உடம்பு பெருக்கப் பெருக்க முட்டையும் அதிகம். ஆற்றில் கிடப்பதை எப்படியும் வேறு ஏதாவது தின்னத்தான் போகிறது.

அலையாத்தி:
விரல் நீளக் குஞ்சுக்கு அந்தக் கணக்கு சரி. 40 செ.மீ. வந்த மீன் அந்தக் கண்டத்தையெல்லாம் தாண்டிவிட்டது. அதற்கு முக்கிய எதிரி நீங்கள்தான் ஐயா.

ஆழ்கடல்:
பாறையில் பிடித்தால் விடுவதும் லேசில்லை. நாற்பது மீட்டரிலிருந்து இழுத்தால் காற்றுப்பை வீங்கி, வயிறு வாய் வழியே பிதுங்கி நிற்கும். அப்படியே போட்டால் மிதக்கும், சுறாவுக்குத் தீனி. எடை கட்டித் திரும்ப ஆழத்துக்கு இறக்க வேண்டும். ஆழமில்லாத ஆற்றில் இந்தத் தொல்லை கிடையாது.

இன்னொன்று, ரெட் பாஸ் என்கிற இன்னொரு சிவப்பு மீனைப் பார்த்துச் செப்பிலி என்று நினைத்துவிடாதீர்கள். ரெட் பாஸுக்கு மூக்கிலிருந்து கண் வரை ஒரு பள்ளம் ஓடும். சிகுவாட்டெரா நஞ்சு இருக்கக்கூடிய மீன். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நஞ்சேறியவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடச் சுடுவதுபோல் இருக்கும். குயின்ஸ்லாந்தில் அதை வைத்துக்கொள்ளவே தடை.

கரையோரம்:
சாப்பிட மாட்டேன், ஆனால் வாயில் முள்ளைக் குத்திப் போட்டோ எடுப்பேன் என்பது மட்டும் கருணையா? எனக்குப் புரியவில்லை.

தூண்டில்ராசா:
அதைக் கேளுங்கள்! ஆனால் அந்தச் சுகமும் தனிதான். விழுந்து கிடக்கும் மரத்தை ஒட்டிப் போட வேண்டும். கடித்த மறுநொடியே கிளைக்குள் திரும்பும். அங்கே நுழைந்தால் தங்கூசி அறுந்தது. டிராக்கை, அதாவது தூண்டில் உருளையின் பிரேக்கை, முன்பே இறுக்கி வைத்து, முதல் இழுப்பிலேயே வெளியே கொண்டுவரணும். கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், கோரைப்பல்.

ஆழ்கடல்:
பாராமுண்டிக்கு, அதாவது கொடுவாவுக்கு, 58 முதல் 120 செ.மீ. என்று மேல் வரம்பும் இருக்கிறதே. செப்பிலிக்கும் வைத்தால் பெரியதும் பிழைக்கும்.

அலையாத்தி:
பாராமுண்டி ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக மாறும், பெரியதெல்லாம் பெட்டை; அதனால் மேல் வரம்பு அங்கே பொருந்துகிறது. செப்பிலி பால் மாறாது. இங்கே கீழ்க்கோட்டை 50-க்கு ஏற்றினாலே போதும்.

தூண்டில்ராசா:
50 ஆக்கினால் ஆற்றில் தூண்டில் போடுகிறவன் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போவான். படகு வாங்க வசதியுள்ளவனுக்கு மட்டும் மீனா? வேண்டுமானால் 5-ஐ 2 ஆக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். அளவில் கை வைக்காதீர்கள்.

அலையாத்தி:
2 என்றாலும் இரண்டும் முட்டையிடாத மீன்தானே?