சீலியாக் இல்லைன்னு ரிப்போர்ட் வந்துடுச்சு, ஆனா கோதுமை சாப்ட்டா வயிறு ஊதுது, இது என்னங்க?

வண்ணை செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயசு, பழைய வண்ணாரப்பேட்டைல இருக்கோம். போன வருஷம் சுகர் பார்டர்ல இருக்குன்னு சொன்னதுலேந்து ராத்திரி சோறு கிடையாது, சப்பாத்தியும் வெங்காய குருமாவும் தான், காலைல கோதுமை ரவை உப்புமா. அப்போ ஆரம்பிச்சது இந்த அவஸ்தை. சாப்ட்ட ரெண்டு மணி நேரத்துல வயிறு கல்லு மாதிரி ஆயிடும், நாடாவ தளர்த்தி விட்டா தான் நின்னு பாத்திரம் கழுவ முடியும், மறுநாள் தலை பாரம், கைகால் அசதி. நானே சப்பாத்திய நிறுத்திப் பாத்தேன், ஒரு வாரத்துல நல்லாயிடுச்சு. அப்புறம் சீலியாக்னு ஒரு வியாதி இருக்குன்னு படிச்சு பயந்து ப்ளட் டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். டாக்டர் ஒண்ணும் இல்லம்மா கேஸ் தான்னு மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. மாமியார் எல்லாம் உன் மனசுல தான்ங்கறாங்க. போன ஞாயித்துக்கிழமை பசங்க கேட்டாங்கன்னு செகண்ட் லைன் பீச்ல அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்ட்டேன், ராத்திரி பூரா தூக்கம் இல்ல. சீலியாக் இல்லாமலே கோதுமை ஒத்துக்காம போகுமா? யாருக்காவது இப்படி இருந்துச்சா?

லேப் தம்பி தண்டையார்பேட்டை:
அக்கா, முதல்ல ஒண்ணு சொல்லுங்க, டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தப்ப கோதுமை சாப்ட்டுட்டு இருந்தீங்களா? எடை எறங்குச்சா, ஹீமோகுளோபின் எவ்ளோ?

வண்ணை செல்வி:
இல்ல தம்பி, நிறுத்தி ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. யாரும் அத கேக்கல. எடை அப்படியே தான் இருக்கு, ஹீமோகுளோபின் 11.8.

லேப் தம்பி தண்டையார்பேட்டை:
அப்போ அந்த ரிப்போர்ட்ட முழுசா நம்ப முடியாதுக்கா, இத தான் நான் எல்லார்கிட்டயும் கெஞ்சி சொல்லுவேன். சீலியாக்ங்கறது அலர்ஜி கெடையாது, க்ளூட்டன், அதாவது கோதுமைல இருக்கற புரதம், உள்ள போனா நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடல அரிக்கிற நோய். அப்போ ரத்தத்துல வர்ற ஆன்டிபாடிய தான் டிடிஜி ஐஜிஏ டெஸ்ட் புடிக்குது. கோதுமைய நிறுத்திட்டா அந்த ஆன்டிபாடி கொஞ்சம் கொஞ்சமா எறங்கிடும், நோய் இருந்தாலும் நெகட்டிவ் காட்டலாம். தினம் ஒரு வேளைக்கு மேல கோதுமை, அதுவும் குறைஞ்சது 6 வாரம் சாப்ட்டுட்டு தான் டெஸ்ட் எடுக்கணும்னு பிரிட்டன் வழிகாட்டுதல்ல தெளிவா போட்டிருக்கு. அப்படி சாப்பிட உடம்பு தாங்கலன்னா எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 ஜீன் டெஸ்ட் இருக்கு, அதுக்கு கோதுமை சாப்பிட வேணாம். ரெண்டு ஜீனும் இல்லன்னா சீலியாக் அநேகமா இல்லன்னே விட்டுடலாம். ஆனா இருந்தா பயப்படாதீங்க, நம்ம தெற்குல 100 பேர்ல 36 பேருக்கு அந்த ஜீன் இருக்கு, அதே நம்ம பக்கம் சீலியாக் ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கறது 1000 பேர்ல ஒருத்தருக்கு தான், வடக்குல 1000க்கு 12 பேர். 2016ல வந்த இந்திய ஆய்வு இது, 23,000 பேருக்கு மேல பாத்தாங்க. அங்க தினம் 455 கிராம் கோதுமை சாப்பிடறாங்க, நாம 25 கிராம். நீங்க நம்ம ஊர் அளவுலேந்து திடீர்னு அவங்க பக்கம் போயிட்டீங்க, அதயும் யோசிங்க.

கோதுமை அலர்ஜி வேற விஷயம், அதுக்கு ஐஜிஇ டெஸ்ட், சாப்ட்ட கொஞ்ச நேரத்துலயே தடிப்பு, மூச்சு எளப்புன்னு வரும். இந்த ரெண்டும் இல்ல, ஆனா கோதுமை சாப்ட்டா தொல்லை, நிறுத்துனா சரியாகுதுன்னா அத தான் சீலியாக் இல்லாத க்ளூட்டன் சென்சிடிவிட்டின்னு சொல்றாங்க. அதுக்குன்னு ஒரு ப்ளட் டெஸ்ட் இன்னும் கெடையாதுக்கா, மத்ததெல்லாம் இல்லைன்னு ஆன பெறகு தான் அந்தப் பேரே வைக்கணும். ஸ்டான்லில குடல் டாக்டருங்க இருக்காங்க, ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு போய் நிறுத்துன தேதிய சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை அம்மு:
செல்வி, உன் பதிவ படிச்சதும் மனசு கேக்கல. மனசுல தான்ங்கறத மட்டும் ஏத்துக்காத, எனக்கும் 3 வருஷம் அதையே சொன்னாங்க. ஆனா நீ சொன்ன ரெண்டு சாப்பாட்டயும் பாரு, சப்பாத்தி கூட வெங்காய குருமா, அத்தோல நூடுல்ஸ் மேல பச்ச வெங்காயம், பொரிச்ச வெங்காயம், பூண்டு எண்ணெய். கோதுமைலயும் வெங்காயத்துலயும் பூண்டுலயும் பொதுவா ஒண்ணு கீது, ஃப்ரக்டான்னு பேரு, அது கார்போஹைட்ரேட் வகை, புரதம் கெடையாது. அத ஒடைக்கிற நொதி மனுஷ வயித்துல இல்ல, அப்படியே பெருங்குடலுக்கு போயி அங்க இருக்கற கிருமிங்க அத புளிக்க வெச்சு காத்தாக்கும், சில பேருக்கு அந்த காத்து தாங்காது. நார்வே ஆஸ்லோல 59 பேர், எல்லாருமே சீலியாக் இல்லாம தானா க்ளூட்டன நிறுத்துனவங்க, அவங்களுக்கு எதுல என்ன இருக்குன்னு சொல்லாம க்ளூட்டன் போட்ட தானிய பார் (கடலமிட்டாய் மாதிரி), ஃப்ரக்டான் போட்ட பார், ரெண்டும் இல்லாத பார்னு ஒவ்வொரு வாரமும் மாத்தி மாத்தி குடுத்தாங்க, 2018ல வந்துச்சு. உப்புசம் ஜாஸ்தி ஆனது ஃப்ரக்டான் வாரத்துல தான், க்ளூட்டனுக்கும் சும்மா பாருக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. அதுக்காக யாருக்குமே க்ளூட்டன் ஒத்துக்காம போவாதுன்னு அர்த்தமில்ல, சும்மா பாருக்கே வயிறு வலிச்சவங்களும் பொய் சொல்லல, வலி வலி தான். உனக்கு எதுன்னு நீ தான் பிரிச்சுப் பாக்கணும், ஆனா டெஸ்ட் முடிஞ்ச அப்பால.

டிபன் கடை அக்கா:
ஒரு விஷயம்மா, பல பேர் சப்பாத்திய நிறுத்திட்டு ரவா தோசை, சேமியா, பரோட்டா சாப்பிடறாங்க, மைதா ரவை சேமியா எல்லாமே கோதுமை தான். கடைல விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல கூட கோதுமை மாவு இல்லன்னா மைதா கலந்திருக்கும், டப்பாவ திருப்பிப் பாருங்க. சீலியாக் இருந்தா அதுவே ஆகாது. கேழ்வரகு, கம்பு, தினைல க்ளூட்டன் இல்ல. சுகருக்கு எத சாப்ட்டாலும் அளவு தான், நாலு சப்பாத்தி அடுக்கிட்டு சோத்த விட்டாச்சுன்னு இருக்காதீங்க.

வண்ணை செல்வி:
ரெண்டு மாசம் கழிச்சு வந்து எழுதறேன், எல்லாருக்கும் நன்றி. 6 வாரம் பல்ல கடிச்சுக்கிட்டு தினம் ரெண்டு வேளை கோதுமை சாப்ட்டு மறுபடி டெஸ்ட் குடுத்தேன், நெகட்டிவ் தான், டாக்டரும் இந்த வாட்டி உக்காந்து கேட்டாரு. அப்புறம் அம்மு அக்கா சொன்ன மாதிரி பிரிச்சுப் பாத்தேன். வெங்காயம் பூண்டு இல்லாம பாசிப்பருப்பு தொட்டுக்கிட்டு ரெண்டு சப்பாத்தி, ஒண்ணும் ஆகல. மூணாவது சாப்ட்ட அன்னிக்கு லேசா ஊதுச்சு. நடுவுல ஒரு நாள் கோதுமை துளி கூட இல்லாம சோத்துல சின்ன வெங்காய சாம்பார், அதுக்கு தான் நாடா தளர்த்தற அளவுக்கு போச்சு. மாமியார் பக்கத்துல உக்காந்து பாத்தாங்க, நேத்து அவங்களே வெங்காயம் போடாம எனக்கு தனியா ஒரு கிண்ணத்துல சாம்பார் எடுத்து வெச்சாங்க. அம்மு அக்கா, வெங்காயத் தாள்ல பச்ச பாகம் மட்டும் போட்டா ஒத்துக்குமா, உங்களுக்கு எப்படி?

கொருக்குப்பேட்டை அம்மு:
ஒத்துக்கும்மா, வெள்ள பாகத்துல தான் ஃப்ரக்டான் ஜாஸ்தி. பூண்டுக்கு, முழு பல்ல எண்ணெயில வதக்கிட்டு எடுத்துப் போட்டுடு, வாசனை எண்ணெயில நிக்கும், ஃப்ரக்டான் எண்ணெயில கரையாது. தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியே எடுத்துடணும்.